வேலியோரத்து வெட்டிச் செடி

ஒரு மீட்டர் விடணும்மா, ஒரு மீட்டர்! இதென்ன, வேலிய ஒட்டி குழி தோண்டிக்கிட்டு இருக்க? நல்லவேளை நான் பாத்தேன். வேற யாராவது பாத்திருந்தா நேரா காலனித் தலைவர்கிட்ட போய் நின்னிருப்பாங்க. நான் அப்படியெல்லாம் செய்யுற ஆளில்ல. மொதல்ல உங்கிட்ட சொல்லுவேன். அப்புறம்தான் தலைவர்கிட்ட போவேன்.

இரு, இரு, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது. புதுசு, தெரியாது. இந்தத் தோட்டக் காலனிக்கு நீ வந்து இன்னும் மண்ணுகூட காயல. மல்வினாதானே பேரு? நல்ல பேரு. நான் லெயோகாதியா. வேலிக்கு இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் நம்மளுதுதான். அந்தப் பச்சைக் குடிசையும் நம்மளுது. சண்டக்காரின்னு யாராவது சொல்லியிருப்பாங்களே? சொல்லலையா? சொல்லுவாங்க, பொறு. இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. வாரத்துக்கு ஒரு நா தோட்டத்துக்கு வருவாங்க, களையப் பாக்க மாட்டாங்க, அடுத்தவன் அடுப்புல என்ன சாசேஜ் வேகுதுன்னு பாத்துட்டுப் போவாங்க.

அட, அந்த மண்வெட்டியக் கீழ வையேன். காபி கொண்டாந்திருக்கேன் பாரு. டம்ளர்ல பொடியப் போட்டு வெந்நீர் ஊத்தினது. பொடி அடியில எறங்கட்டும், அவசரப்பட்டுக் குடிச்சா பல்லெல்லாம் கறுப்பாயிடும். ஆப்பிள் கேக்கும் இருக்கு. நம்ம மரத்து ஆப்பிள். இந்த வருஷம் நம்ம தோட்டத்துல உருப்படியா காய்ச்சது அது ஒண்ணுதான்!

பின்ன என்ன? அதோ பாரு. அந்தக் குடிசை மூலைக்கு அந்தப் பக்கம், இலையெல்லாம் கொட்டி நிக்குதே, அந்தச் செடி. பாத்தா என்ன தெரியுது? தொடப்பக்குச்சி! ஒரு கட்டு தொடப்பத்த தலைகீழா நட்டு வெச்ச மாதிரி இருக்கு. போன வருஷம் இந்நேரம் வந்து பாத்திருக்கணும் நீ. இலை ஒண்ணு இருக்காது, குச்சி தெரியாது, அடியிலேருந்து நுனி வரைக்கும் சிவப்பு மணி. சாதா சிவப்பில்ல தாயி, கண்ணு கூசும். பனி விழுந்தா அதுக்கு மேல இன்னும் அழகா இருக்கும். வழியில போறவங்க வேலிக்கு மேல கைய விட்டு ஃபோட்டோ எடுப்பாங்க. நான் கண்டுக்காத மாதிரி முட்டைக்கோசுக்கு மண்ணு அணைச்சுக்கிட்டு இருப்பேன். ஆனா முதுகு நேரா இருக்கும்!

இந்த வருஷம் ஒண்ணு இல்ல. ஒண்ணே ஒண்ணு இல்ல. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு குச்சியா தடவிப் பாத்துட்டேன். டாக்டர் நாடி பாப்பாரே, அந்த மாதிரி.

என்ன? இரு, சொல்லி முடிச்சுடுறேன். உரம் போடலையான்னுதானே கேக்க வர்ற? போட்டேன். காஞ்சொறிச் செடிய வாளித் தண்ணியில ஊறப் போட்டு, அது அழுகி நாறினப்புறம் வடிகட்டி ஊத்தினேன். அந்த நாத்தத்துல எனக்கே ரெண்டு நாளு சோறு எறங்கல. காலனியே மூக்கப் பொத்திக்கிட்டு நடந்துச்சு. தலைவர் வந்து, "லெயோகாதியாம்மா, ஏதாவது செத்துக் கெடக்கா?"ன்னு கேட்டாரு. "இல்ல, வாழ வைக்கத்தான் பாக்குறேன்"ன்னேன். குருவி தின்னிருக்கும்னு சொல்லப்போறியா? கொண்ட வெச்ச குருவி வடக்கேருந்து கூட்டமா வரும், உண்மைதான். வந்தா ஒரே காலையில மொட்ட அடிச்சுட்டுப் போயிடும். அதுக்குன்னே ஆகஸ்ட்லயே வலையப் போட்டு மூடினேனே! வலைக்குள்ள பழமே இல்லாம வலைய மட்டும் காவல் காத்தேன். குருவிங்க வந்து உக்காந்து பாத்துட்டு, எனக்காக வருத்தப்பட்டுப் போச்சுங்க.

சாதாரண வருஷமா இருந்தா போவுதுன்னு விட்டிருப்பேன்மா. இந்த வருஷம் விட முடியாது. சனிக்கெழம கல்லறைத் திருநாள். எங்க வீட்டுக்காரர் ரோமுவால்ட் போன பிப்ரவரியில போயிட்டாரு. இதுதான் அவருக்கு முதல் கல்லறைத் திருநாள். அந்தச் செடிய வெச்சது அவருதான். அவரு கையால வெச்ச செடியிலேருந்து அந்தச் சிவப்புக் கிளைய வெட்டி, வளையமா பின்னி, அவரு தலைமாட்டுல வைக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் நான் கேக்கல.

அழல, அழல. காபி ஆவி. நீ கேக்கு எடுத்துக்க.

அதுவும் நான் மட்டும்னா பரவால்ல. என் நாத்தனார் செலினா வர்றா, போஸ்னான்லேருந்து. அவ அண்ணன் கல்லறைக்கு. வாடகைக் கார்ல ஏத்திக்கிட்டு வருவா பாரு சாமந்தித் தொட்டி, கழுதைக்குட்டி ஒசரம். அவங்கம்மா கல்லறைக்கு அப்படித்தான் கொண்டாந்தா. சுத்தி இருக்குற எல்லாக் கல்லறையும் இருட்டாயிடுச்சு. வெச்சுட்டு ரெண்டடி பின்னால போய், தலையச் சாச்சுப் பாத்து, "நம்மளால முடிஞ்சது"ன்னா. நம்மளால முடிஞ்சதாம்! பக்கத்துல நான் கண்ணாடி விளக்க ஏத்திக்கிட்டு, பூனை தூக்கிட்டு வந்த எலி மாதிரி ஒரு சின்னக் கொத்தோட நிக்கிறேன். அன்னிக்கே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், உனக்குக் கடையில வாங்கத்தான் தெரியும், எங்கிட்ட ஒரு செடி இருக்குடி, உங்கண்ணன் வெச்சதுன்னு. இப்ப அந்தச் செடி தொடப்பக்கட்டையா நிக்குது. நான் என்னத்த எடுத்துக்கிட்டுப் போவேன்? பீட்ரூட்டா?

யாரு காரணம்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல. உனக்கு முன்னாடி இந்தத் தோட்டத் துண்ட வெச்சிருந்தாரே, மகராசன், ஸெனோன். உனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போன அதே ஸெனோன். அந்த மனுஷன்தான் ஏதோ பண்ணிட்டாரு. உப்பத் தண்ணியில கரச்சு வேர்ல ஊத்தியிருப்பாரு. இல்லன்னா வேற ஏதாவது. சாது மாதிரி இருக்குற ஆளுங்க செய்யுறதே வேற.

ஏன் தலைய ஆட்டுற? நீ அவர எடத்த எழுதி வாங்கின அன்னிக்கு ஒரு மணி நேரம் பாத்திருப்ப, நான் எத்தனையோ வருஷமா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறேன். நீ கேளு. கேட்டுட்டு அப்புறம் தலைய ஆட்டு.

ஸெனோனும் எங்க வீட்டுக்காரரும் ஒட்டிப் பொறந்த பொறப்பு. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தரு. நிப்பாங்க. என்ன பேசுவாங்கன்னா நெனைக்கிற? ஒண்ணும் பேச மாட்டாங்க! ஃப்ளாஸ்க்லேருந்து டீய ஊத்திக் குடிச்சிக்கிட்டு செடியப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. ரோமுவால்ட் சிக்னல் கேபின்ல வேல பாத்தவரு, ரயில் போற வரைக்கும் சும்மா நின்னு பழகினவரு. நான் அதே ஸ்டேஷன்ல மைக்கு. "வ்ரோத்ஸ்வாஃப் செல்லும் வண்டி இரண்டாவது பிளாட்ஃபாரத்திலிருந்து"... அது நான்தான்! உங்கம்மா கேட்டிருப்பாங்க, வேணா கேட்டுப் பாரு. அந்த வேலையில ஒரு வசதி என்னன்னா, குறுக்க யாரும் பேச முடியாது. நாம சொல்லி முடிச்சாத்தான் முடியும்.

வீட்லயும் அப்படித்தான். ரோமுவால்ட் ஒரு வாக்கியத்த ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். எதுக்கு அந்த மனுஷனச் சிரமப்படுத்தணும்? நானே முடிச்சு வெச்சுடுவேன். என்னைய லெயோசியான்னுதான் கூப்பிடுவாரு. "லெயோசியா, இன்னிக்கு சாயங்காலம்..."ன்னுவாரு. "முட்டைக்கோஸ் சூப்புதானே, வெச்சாச்சு"ன்னுவேன். சரியாத்தான் இருந்திருக்கும். இல்லன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எத்தன வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம்! ஒரு சண்டை கெடையாது. பக்கத்து வீட்டு ஜோடி எல்லாம் பேசிப் பேசித்தான் கோர்ட்டுக்குப் போச்சு.

வாசலையே பாக்குறியே, யாராவது வர்றாங்களா? வரட்டும், வரட்டும். வந்தா கேக்கு இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், செடி. அந்தச் செடிய வாங்கிட்டு வந்த நாளு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. சந்தைக்குப் போயி வெள்ளரி நாத்து வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, மனுஷன் ரெண்டு கைலயும் ரெண்டு தொட்டியப் புடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறாரு, பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின பையனாட்டம். "என்னாது இது?"ன்னேன். "இலையுதிர் காலத்துல சிவப்பா பழம் புடிக்கும், பாக்க அழகா இருக்கும்"ன்னாரு. "தின்னலாமா?"ன்னேன். "தின்னக் கூடாது"ன்னாரு. தின்னக் கூடாத பழத்துக்கு நம்ம தோட்டத்துல எடம்! இங்க ஒரு சாண் எடம் விடாம நான் உருளைக்கிழங்கு போட்டு வெச்சிருக்கேன். சரி, ஆசப்பட்டு வாங்கிட்டாரு, பாவம்னு, "ஒண்ணு வெச்சுக்குங்க, எதுக்கு ரெண்டு?"ன்னேன். "ரெண்டும் வேணும் லெயோசியா, ஒண்ணு வந்து..."ன்னு ஆரம்பிச்சாரு. "ஒண்ணு வந்து போதும்"னு முடிச்சேன். இன்னொண்ணத் தூக்கிக்கிட்டுப் பேசாம போயிட்டாரு. யாருக்காவது குடுத்திருப்பாரு. நான் கேக்கல. நம்ம எடத்துல இல்லல்ல, அது போதும்.

என்ன? என்ன கேக்குற? யாருக்குக் குடுத்தாருன்னா? அது எனக்கெதுக்கு? நீ குறுக்க குறுக்க பேசினா நான் எப்படிச் சொல்றது? காபியக் குடி.

ஸெனோன் விஷயத்துக்கு வர்றேன். இந்தா, நீ இப்ப குழி தோண்டியிருக்கியே, கிட்டத்தட்ட இதே எடம். இங்க அவரு ஒரு செடி வளத்தாரு. வேலிய ஒட்டி! இடுப்பு ஒசரம், பச்சைப் பசேல்னு நிக்கும். ஒரு பழம்? கெடையாது. பூ? என்னமோ பொடிசா வெள்ளையா பூக்கும், அதுக்குப் பேரு பூவாம். தேனீ மொய்க்கும். அவ்ளோதான். அப்புறம் மறுபடி சும்மா நிக்கும். நம்ம செடி இந்தப் பக்கம் மாஞ்சு மாஞ்சு காய்ச்சுக்கிட்டு இருக்கு, அது அந்தப் பக்கம் ஹாயா நிக்குது. எனக்கு அதப் பாக்கும்போதெல்லாம் ஒடம்பு எரியும். "உங்க ஃப்ரெண்டு செடியும் உங்க ஃப்ரெண்டு மாதிரியே வெட்டியா நிக்குதே"ன்னு ரோமுவால்ட்கிட்ட சொல்லுவேன். அவரு சிரிப்பாரு. அந்தச் செடியப் பாத்துப் பாத்து ஒரு சிரிப்பு. சில நேரம் ரெண்டு பேரும் சேந்து சிரிப்பாங்க. என்ன கண்றாவிச் சிரிப்போ!

அப்புறம் ஜனவரியில அவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி. நான் தெனமும் போவேன், சூப்பு எடுத்துக்கிட்டு. போய் உக்காந்து ஊர்ச் சேதி எல்லாம் சொல்லுவேன், மனுஷனுக்குப் பொழுது போகணும்ல. டாக்டருங்க பேச வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. அவரத்தான்! என்னைய இல்ல! ஒரு நா கையப் புடிச்சாரு. அவரு கையெல்லாம் புடிக்கிற ஆளில்ல மல்வினா. கையப் புடிச்சுக்கிட்டு, "லெயோசியா, வேலியோரம் ஸெனோன் எடத்துல நிக்குதே அந்தச் செடி... அத..."ன்னாரு. மூச்சு வாங்குது. எனக்குப் புரிஞ்சு போச்சு. "தெரியும்ங்க, அது ஒரு மீட்டருக்குள்ள இருக்கு, வெட்டச் சொல்லிடுறேன், நான் பாத்துக்கிறேன், நீங்க பேசாதீங்க"ன்னேன். அவரு இப்படி இப்படித் தலைய ஆட்டினாரு. என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு. "ஒண்ணும் சொல்ல வேணாம், ஒடம்பப் பாருங்க"ன்னு போர்வைய இழுத்து விட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சுப் போயிட்டாரு.

பாத்தியா, அந்த நிலமையிலயும் அவருக்கு நம்ம வேலியோட கவலை! வெளிய சிரிச்சாலும் அவருக்கும் அந்தச் செடி மேல எரிச்சல் இருந்திருக்கு பாரு. ஃப்ரெண்டு மொகத்த முறிக்க முடியாம உள்ளுக்குள்ளயே வெச்சிருந்திருக்காரு. கடைசியா எங்கிட்ட ஒப்படைச்சாரு. நான் விடுவேனா?

ஏப்ரல்ல காலனிப் பொதுக்கூட்டம். அந்த ஷெட்டுல எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, தண்ணி வரி ஏறிடுச்சுன்னு ஒருத்தரு, பக்கத்துத் துண்டு நாயி குரைக்குதுன்னு ஒருத்தரு. நான் எந்திரிச்சேன். கறுப்பு டிரஸ்ல. மைக்கு குடுக்க வந்தாங்க, வேணாம்னுட்டேன், எனக்கெதுக்கு மைக்கு? "வேலிக்கு ஒரு மீட்டருக்குள்ள புதர் வளக்கக் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா? இருக்குன்னா அது எல்லாருக்குமா, இல்ல சில பேருக்கு மட்டும் விதிவிலக்கா?"ன்னேன். எல்லாரும் ஸெனோனத் திரும்பிப் பாத்தாங்க.

ஸெனோன் மெதுவா எந்திரிச்சாரு. தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு, "லெயோகாதியாம்மா, அந்தச் செடி உங்க..."ன்னாரு. "ஆமா, எங்க வேலிய ஒட்டித்தான் இருக்கு, நீங்களே ஒத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி"ன்னேன். எல்லாரும் சிரிச்சு கைதட்டிட்டாங்க. அவரு நின்னாரு, நின்னாரு, உக்காந்துட்டாரு. மறுநா தலைவர் அளவு டேப்போட வந்து அளந்தாரு. ஒரு மீட்டருக்கு ரொம்பக் கம்மி. எடுத்துடணும்னுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம நான் வந்து பாத்தப்போ அங்க மண்ணு மட்டும்தான் இருந்துச்சு, குழிய மூடி நல்லா மிதிச்சு வெச்சிருந்தாரு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. அன்னிக்கே கல்லறைக்குப் போய் சொன்னேன், "உங்க வேலைய முடிச்சுட்டேங்க"ன்னு.

அதுக்கப்புறம் ஜூன்ல ஒரு நா, நம்ம செடி நெறைய மொட்டு வெச்சிருந்துச்சு. எப்பவும் விட அதிகமா. நான் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். ஸெனோன் வேலிகிட்ட வந்து, "உங்க வீட்டுக்காரர் ஆசப்பட்டது என்னன்னா..."ன்னு இழுத்தாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. "எங்க வீட்டுக்காரர் ஆசப்பட்டத நான் செஞ்சு முடிச்சாச்சு, நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம்"னு குழாய அடைச்சுட்டு உள்ள போயிட்டேன். அவ்ளோதான், பேச்சுவார்த்த முடிஞ்சுது. வெயில் காலம் முடியுறதுக்குள்ள எடத்த உனக்கு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. கேட்டா முட்டி வலியாம்! குனிய முடியலையாம்! முட்டி வலியாவது! மனசாட்சி வலி! என் செடிக்கு ஏதோ பண்ணிட்டு அதப் பாக்க முடியாம ஓடிட்டாரு.

ஏன்னா பாரு, அந்தச் செடிய எடுத்த வருஷம்தானே நம்மளுது காய்க்கல? அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் தப்பினதில்ல! இது பழிவாங்கல் இல்லாம வேற என்ன? அவரு செடி போச்சு, உடனே என் செடியில பழம் இல்ல. நான் மைக்குல பேசினவதான், ஆனா முட்டாளில்ல. ஒண்ணுக்கு ஒண்ணு சம்மந்தம் இருக்குன்னு கண்ணத் தொறந்து பாக்குற யாருக்கும் தெரியும்.

என்ன அப்படிப் பாக்குற? நான் சொன்னது சரிதானே? சம்மந்தம் இருக்குல்ல? இருக்குங்கிறியா? அப்பாடா! மொத ஆளு நீதான் ஒத்துக்கிட்ட. எல்லாரும் பைத்தியக்காரின்னு போயிட்டாங்க. நீ நல்ல பொண்ணு. இந்தா, நீ சாப்பிடலன்னா நானாவது ஒரு துண்டு... காலையிலேருந்து ஒண்ணும்... ம்ம்... கொஞ்சம் பட்டை கூடப் போட்டுட்டேன்... ம்...

ம்? ம்ம்ம்? ம்!

இரு... முழுங்கிக்கிறேன். வாய் நெறைய இருக்குற நேரம் பாத்துச் சொல்றியே! என்ன சொன்ன? மறுபடி சொல்லு.

ஆண் செடியா?

செடியில என்ன ஆம்பள, பொம்பள? உருளைக்கிழங்குல இருக்கா? முட்டைக்கோஸ்ல இருக்கா? ...இதுல இருக்கா. எங்களுது பொண்ணு. பொண்ணு மட்டும்தான் காய்க்கும். சரி. அதுக்குப் பக்கத்துல ஒரு ஆணு பூக்கணும். தேனீ அங்கேருந்து இங்க... ம். ஆணுல பழமே புடிக்காது. எத்தன வருஷம் ஆனாலும். பச்சையா நிக்கும், பொடிசா பூக்கும், அவ்ளோதான்.

அவ்ளோதான்னு நான்தானே இப்ப சொன்னேன்...

ஜோடியாத்தான் விப்பாங்களா?

ரெண்டு தொட்டி.

"ஒண்ணு வந்து..."ன்னாரு.

கடவுளே. அவரு அத வேலிக்கு மேல ஸெனோன் கையில குடுத்துட்டாரா? நான் எடம் குடுக்கலன்னு? என் கண்ணுக்கு எதிர்லயே ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் வெச்சுட்டுத்தான் ரெண்டு பேரும் நின்னு சிரிச்சாங்களா? நான் அத வெட்டின்னேன். வெட்டியா நிக்குதுன்னேன். அவரு முன்னாடியே சொன்னேன், வருஷம் பூராச் சொன்னேன்! அவரு சிரிச்சாரு.

ஆஸ்பத்திரியில... "அத..."ன்னாரு மல்வினா. "அத"ன்னு சொல்லி மூச்சு வாங்கினாரு. நான் வெட்டிடுறேன்னேன். தலைய ஆட்டினாருன்னு சொன்னேன்ல? எப்படி ஆட்டினாருன்னு உனக்கு இப்ப ஆட்டிக் காட்டினேன்ல? இது ஆமான்னு ஆட்டுற தலையா? இது வேணாம் வேணாம்னு ஆட்டுற தலை! போர்வைய இழுத்து விட்டேன் நானு. வாய் வரைக்கும் இழுத்து விட்டேன்.

உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்? ஸெனோனா? எப்போ? எடத்த எழுதிக் குடுக்கும்போதா? அப்ப இது உனக்குத் தெரியும், ஸெனோனுக்குத் தெரியும், தலைவருக்கும் தெரியுமா? தலைவருக்கும் தெரியும்! இந்தக் காலனியில காஞ்சொறித் தண்ணி நாத்தத்துக்கு மூக்கப் பொத்தின எல்லாருக்கும் தெரியும். அப்ப ஏன் ஒருத்தர், ஒரே ஒருத்தர், எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லல?

அப்படிப் பாக்காத.

பாக்காதங்கிறேன்ல. காபி ஆறிப் போச்சு, அதப் பாரு.

...வெட்டலையா? அவரு வெட்டலையா? வேரோட எடுத்துக்கிட்டுப் போனாரா? எங்க? பால்கனியிலயா! மூணாவது மாடியில, தொட்டியில வெச்சு? முட்டி வலிய வெச்சுக்கிட்டு தெனம் அதுக்குத் தண்ணி ஊத்துறாரா? உசுரோட இருக்கா? பூத்துச்சா? பால்கனியில நின்னு பூத்திருக்கு பாவம், யாருக்குன்னு பூத்துச்சோ.

அப்ப இந்தக் குழி...

இதுக்குத்தானா? இன்னிக்கா? இன்னிக்குக் கொண்டாறாரா? அதான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தியா? வந்ததுலேருந்து சொல்ல வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு... நான் உனக்கு மீட்டர் கணக்கு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மூடாத! குழிய மூடாத! மீட்டராவது மண்ணாவது, அது எங்க இருந்துச்சோ அங்கயே வை. இன்னும் கிட்டக்கூட வை. வேலிக் கம்பியில ஒட்டிக்கிட்டாலும் பரவால்ல. தலைவர் டேப்பத் தூக்கிக்கிட்டு வரட்டும், நான் பேசிக்கிறேன். அது ஒண்ணு எனக்கு நல்லா வரும்.

சனிக்கெழமைக்கு ஆகாது. தெரியும். இந்த வருஷம் ஆகாது. அடுத்த ஜூன்ல ரெண்டும் பூத்து, அதுக்கப்புறம்தான். செலினா சாமந்தித் தொட்டியோட வந்து நிப்பா. நிக்கட்டும். "உன் பங்குக்கு ஒண்ணும் இல்லையா"ன்னு கேப்பா. கேக்கட்டும். நான் அந்தத் தொடப்பக்குச்சியிலேருந்து நாலு கிளைய வெட்டி எடுத்துக்கிட்டுப் போறேன். பழமில்லாமதான். அவருக்குப் புரியும், ஏன் பழம் இல்லன்னு. வேற யாருக்கும் வெளக்கம் சொல்லப் போறதில்ல நானு. எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.

வாசல் கேட்டு சத்தம். வந்துட்டாரா? தள்ளு வண்டியிலயா கொண்டாறாரு? அடக் கடவுளே, எவ்ளோ வளந்துடுச்சு! பச்சை இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு நுனியில. ...நடக்குறதப் பாரேன். ஒரு காலத் தூக்கி வெக்க எவ்ளோ நேரமாவுது. நெசமாவே முட்டி வலிதான் மல்வினா. நான் வேற என்னென்னமோ சொல்லிட்டேன்.

நீ போய் வண்டியப் புடி, ஓடு! இல்ல இரு, மொதல்ல இங்க வா. அவரு வந்தா நான் பேச ஆரம்பிச்சுடுவேன். எனக்கு என்னைத் தெரியும். மன்னிச்சுக்கங்கன்னு ஆரம்பிச்சு, செலினாவப் புடிச்சு, குருவியப் புடிச்சு, பொழுது சாயுற வரைக்கும் விட மாட்டேன். அவரு தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டு மறுபடி போயிடுவாரு. ரோமுவால்ட் அன்னிக்கு "அத..."ன்னு சொல்லிட்டு விட்டாரே, மிச்சம் என்னன்னு ஸெனோனுக்குத்தான் தெரியும். அவரு அத முழுசா சொல்லி முடிக்கணும்.

அந்தத் தட்ட எடு. ஆப்பிள் கேக்கு குடு எனக்கு. அது இல்ல, அந்தப் பெரிய துண்டு.